முதல் போட்டித் துப்பாக்கி: கடைக்குப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

டல்லாஸ் பக்கம் குடிவந்து, கிரீன் கார்டு கைக்கு வந்த வருஷம் நான் வாங்கிய முதல் கைத்துப்பாக்கி .40 காலிபர், அதாவது 0.40 அங்குல விட்டமுள்ள குண்டு போடுவது. "ஒன்பது எம்.எம். எதுக்கு? நாற்பது எடுங்க, போட்டியில் அதுக்குத்தான் பாயிண்ட் ஜாஸ்தி" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. எந்தப் பிரிவில் ஜாஸ்தி என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. நான் போய் நின்றது புரொடக்‌ஷன் பிரிவில். அங்கே எந்தக் காலிபர் கொண்டுவந்தாலும் ஒரே பாயிண்ட்தான். ஆக, கூடுதல் விலைக்குத் தோட்டா, கூடுதல் உதைப்பு, கைக்கு வந்த பாயிண்டோ பக்கத்தில் 9 எம்.எம். வைத்துக்கொண்டு நின்றவருக்கு வந்த அதே பாயிண்ட். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதமும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களும் ஆயின.

பெரும்பாலானவர்கள் முதலில் துப்பாக்கி வாங்குகிறார்கள், அடுத்து அதற்குத் தோட்டா தேடுகிறார்கள், கடைசியில் எந்தப் பிரிவில் சேரலாம் என்று விசாரிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும். பிரிவு முதலில், காலிபர் அடுத்து, துப்பாக்கி கடைசி.

நான் பேசுவது ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச செயல்முறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) பாணிப் போட்டியைப் பற்றி. 1976இல் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் கூடிய கூட்டத்தில் பிறந்தது அந்த அமைப்பு. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், வலிமை, வேகம் என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்கள் அதன் முழக்கம். அமெரிக்காவில் இதை நடத்துவது யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமைப்பு. ஒலிம்பிக் ஏர் பிஸ்டலில் 10 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் நின்று, ஒற்றைக் கையால் சுடுவார்கள். இங்கே இரண்டு கையால் பிடித்து, ஓடி, தடுப்புக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து, ஓட்டத்திலேயே மேகசின் (தோட்டா அடுக்கிய பெட்டி) மாற்றி, அட்டை இலக்கையும் இரும்பு இலக்கையும் சுட வேண்டும். தோளுக்குப் பின்னால் ஒருவர் டைமரோடு கூடவே வருவார்.

படி 1: கையை வீசிக்கொண்டு ஒரு போட்டிக்குப் போய் வாருங்கள்

அநேகமாக எல்லாக் கிளப்பும் மாதத்துக்கு ஒருமுறை போட்டி வைக்கும். பதிவெல்லாம் பிராக்டிஸ்கோர் தளத்தில் நடக்கும். வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று நடத்துபவருக்கு ஒரு வரி எழுதினால் போதும். பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பும் மட்டும் எடுத்துப் போங்கள். தொப்பியும் நல்லது. பக்கத்தில் நிற்பவரின் துப்பாக்கி துப்பிய சூடான பித்தளைக் கூடு சட்டைக் காலருக்குள் விழுந்தால் அந்த நாள் முழுக்க மறக்காது.

போனால் சும்மா நிற்காதீர்கள். ஒவ்வொருவர் சுட்டு முடித்ததும் அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும், விழுந்த இரும்புகளை நிமிர்த்த வேண்டும். அதைச் செய்யும் புதியவரிடம் எல்லாரும் மனம்விட்டுப் பேசுவார்கள். "முதல் துப்பாக்கியா இதை வாங்கினதுக்கு வருத்தப்படுறீங்களா?" என்று பத்துப் பேரிடம் கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில்களில் பாதி "ஆமாம்" என்றுதான் தொடங்கின.

ஒரு விதியை அன்றைக்கே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் யாரும் நினைத்த இடத்தில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்க முடியாது. அதற்கென்று பலகை நட்டு ஒரு மேசை போட்டிருப்பார்கள். சேஃப் ஏரியா என்பார்கள். அங்கே துப்பாக்கியைத் தொடலாம், தோட்டாவைத் தொடவே கூடாது. போலித் தோட்டாவுக்கும் அதே தடைதான். யாராவது தம் துப்பாக்கியைக் காட்ட முன்வந்தால் உங்களை அங்கேதான் கூட்டிப்போவார். உங்கள் கைக்கு எது பொருந்துகிறது என்று காசு செலவில்லாமல் பார்க்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பு அது.

படி 2: சட்டம் உங்களை வாங்க விடுகிறதா?

இது நம்மவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் பொருந்துவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிரீன் கார்டு வைத்திருப்பவர் குடிமகனைப் போலவே கடையில் வாங்கலாம். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. "நண்பனுடையதை ரேஞ்சில் கொஞ்சம் சுட்டுப் பார்த்தேன், அவ்வளவுதானே" என்று நினைக்காதீர்கள். விசா நிலையையே அசைத்துப் பார்க்கக்கூடிய விஷயம் இது. தற்காலிக விசாவில் இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். நண்பர் பெயரில் வாங்கிக்கொள்வது பெரிய குற்றம், அந்த யோசனையே வேண்டாம்.

கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புவீர்கள், பின்னணிச் சோதனை நடக்கும். கடையில் கைத்துப்பாக்கி வாங்கப் பொதுவாக 21 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு மேல் மாநிலச் சட்டம். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. கலிஃபோர்னியாவிலும் 10தான் வரம்பு. போதாததற்கு, மாநிலம் வெளியிடும் பட்டியலில் இல்லாத மாடலைக் கடைக்காரர் புதிதாக விற்க முடியாது. இந்த மாநிலங்களில் இருப்பவருக்குக் கீழே வரும் ஆலோசனை பாதி மாறும். மேகசினில் 23 போட முடிகிற துப்பாக்கியைத் தேடுவதில் உங்களுக்குப் பலன் இல்லை. 10 தோட்டா முடிந்ததும் மேகசின் சட்டென்று வழுக்கி விழுகிறதா என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 9 எம்.எம். அங்கே தடை செய்யப்பட்ட காலிபர். இந்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு அங்கே எதையும் வாங்க முடியாது.

படி 3: மதிப்பெண் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிக் குதித்துத் துப்பாக்கிப் படத்துக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். காலிபர் கேள்வி முழுக்க இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

அட்டையின் நடுவில் ஏ வட்டாரம். சுமார் 15 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம். அதைச் சுற்றி சி, ஓரத்தில் டி. ஏ-யில் பட்டால் யாருக்கும் 5. சி-யில் பட்டால் மேஜர் வகைத் (வலு கூடிய) தோட்டாவுக்கு 4, மைனருக்கு (வலு குறைந்தது) 3. டி-யில் மேஜருக்கு 2, மைனருக்கு 1. தவறவிட்டால் 10 கழியும். மொத்தப் பாயிண்டை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். அந்த ஸ்டேஜில் (போட்டியின் ஒரு சுற்றில்) யாருடைய எண் பெரிதோ அவர் முதலிடம்.

மேஜரா மைனரா என்பதைத் தீர்மானிப்பது பவர் ஃபேக்டர். குண்டின் எடையை கிரெயின் என்ற சிறிய எடை அலகில் எடுத்து, விநாடிக்கு எத்தனை அடி வேகத்தில் போகிறதோ அதனால் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் 125 தொட்டால் மைனர், 165 தொட்டால் மேஜர். ஐ.பி.எஸ்.சி.யில் மேஜர் வரம்பு கொஞ்சம் வேறு: ஸ்டாண்டர்டு பிரிவில் 170, ஓப்பனில் 160.

கையில் போட்டுப் பார்ப்போம். 124 கிரெயின் 9 எம்.எம். குண்டு 1,100 அடி வேகத்தில்: 136. தாராளமான மைனர். 180 கிரெயின் .40 குண்டு 950 அடியில்: 171. மேஜர். 147 கிரெயின் 9 எம்.எம். 850 அடியில் போனால்? 124.95. கிட்டத்தட்ட 125தானே என்பீர்கள். விதிப்புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடச் சொல்கிறது. ஆக 124. மைனருக்கும் கீழே விழுந்தவர் அந்தப் போட்டியில் சுடலாம், மதிப்பெண் கிடையாது. பெரிய போட்டிகளில் உங்கள் பையிலிருந்து எட்டுத் தோட்டாக்களை வாங்கிக்கொண்டு போய், ஒன்றைப் பிரித்துக் குண்டை எடை போட்டு, மற்றவற்றை வேகமானியில் சுட்டுப் பார்ப்பார்கள். மென்மையான தோட்டா என்று விற்பதை எல்லாம் நம்பி வாங்கிவிடாதீர்கள். 130க்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் குளிர்நாளிலும் நிம்மதி.

சரி, மேஜருக்குக் கிடைக்கும் அந்த ஒரு பாயிண்ட் சலுகை எவ்வளவு பெரியது? பன்னிரண்டு அட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக 24 குண்டு. இருவர் 20 ஏ, 4 சி அடிக்கிறார்கள், இருவருக்கும் 20 விநாடி. மேஜர்: 116 பாயிண்ட், ஹிட் ஃபேக்டர் 5.8. மைனர்: 112, ஹிட் ஃபேக்டர் 5.6. மைனர்காரர் 19.3 விநாடியில் முடித்திருந்தால் சமம். அந்த முக்கால் விநாடியைப் புதியவர் எங்கெல்லாம் கொட்டுகிறார் என்று ஒரு போட்டியில் நின்று பாருங்கள். உறையிலிருந்து எடுப்பதில் ஒரு விநாடி, மேகசின் நுழையாமல் தடவுவதில் இரண்டு, அடுத்து எங்கே ஓடுவது என்று நின்று யோசிப்பதில் மூன்று. மேஜரின் உதைப்பையும் விலையையும் சுமந்து அந்த முக்கால் விநாடியை வாங்குவது, வீட்டுக் கூரை ஒழுகும்போது திண்ணைக்கு டைல்ஸ் போடுவது மாதிரி.

படி 4: பிரிவைத் தேர்ந்தெடுங்கள்

யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் பிரிவுகள் நிறைய. புதியவர் உண்மையில் யோசிக்க வேண்டியவை இரண்டு, மிஞ்சினால் மூன்று.

கேரி ஆப்டிக்ஸ்: ஸ்லைடின் (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) மேல் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி (குறிபார்க்கும் லென்ஸ்) பொருத்திய, அங்கீகரித்த பட்டியலில் உள்ள துப்பாக்கி. மேகசின் நீளம் 141.25 மி.மீ. வரை போகலாம், பல மாடல்களில் இருபதுக்கு மேல் கொள்ளும். எல்லாருக்கும் மைனர் கணக்கு. இன்று உள்ளூர்ப் போட்டிகளில் கூட்டம் அதிகம் நிற்பது இங்கேதான். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் கிடைக்கும், கேட்டால் சொல்லித்தரவும் ஆள் கிடைக்கும்.

புரொடக்‌ஷன்: கண்ணாடி கிடையாது, இரும்புக் குறிதான். மேகசினில் 15. மைனர் மட்டும். ஒரு காலத்தில் புதியவர்கள் எல்லாரும் நுழைந்த வாசல் இது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முன்குறியைத் தெளிவாகப் பார்த்தால் அட்டை மங்கும், அட்டையைப் பார்த்தால் முன்குறி இரண்டாகத் தெரியும். வெள்ளெழுத்து வந்தவருக்குச் சிவப்புப் புள்ளி ஆடம்பரம் இல்லை. கண்ணை அட்டையிலேயே வைத்துக்கொள்ளலாம், புள்ளி தானாக வந்து அதன்மேல் உட்காரும்.

லிமிடெட் ஆப்டிக்ஸ்: கேரி ஆப்டிக்ஸ் போலவே கண்ணாடி, மைனர் கணக்கு, ஆனால் ஒற்றைச் செயல் டிரிகர் (முன்பே பின்னுக்கு இழுத்துவைத்த சுத்தியலை விடுவிக்க மட்டும் செய்வது) கொண்ட, பழைய 1911 மாடலை அகலமான மேகசினுக்கு மாற்றிச் செய்த '2011' வகைத் துப்பாக்கிகளுக்கு இடம் உண்டு. சுடச் சுகமாக இருக்கும், பர்ஸ் அழும். இரண்டாவது துப்பாக்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை பெயரளவில்: லிமிடெட் பிரிவில் மேஜர் வாங்க .40 அல்லது அதற்கு மேல் வேண்டும், அங்கேதான் என் கடைக்காரரின் வாக்கு பலிக்கும். ஓப்பனில் கண்ணாடியும், வெடிப்புகையை மேலே திருப்பிக் குழலை அமுக்கும் காம்பென்சேட்டரும் உண்டு, 9 எம்.எம்.மிலேயே மேஜர் எட்டுகிறார்கள், அந்தத் தோட்டாவைப் புதியவர் தொட வேண்டாம். சிங்கிள் ஸ்டாக் பழைய 1911 காதலர்களுக்கு, ரிவால்வர் அதைவிடப் பிடிவாதக்காரர்களுக்கு.

விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. வாங்குமுன் அமைப்பின் தளத்தில் இருக்கும் அன்றைய விதிப்புத்தகத்தையும் அங்கீகாரப் பட்டியலையும் திறந்து உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 5: காலிபர்

மேலே சொன்னதை எல்லாம் படித்தவருக்கு விடை தெரிந்திருக்கும். 9 எம்.எம்.

கியோர்க் லூகர் வடிவமைத்து 1902இல் வெளிவந்த தோட்டா, இன்றும் உலகில் அதிகம் விற்கும் கைத்துப்பாக்கித் தோட்டா. அதனால்தான் விலை மலிவு. நான் வாங்கும் விலையில் 9 எம்.எம். ஒன்று சுமார் 25 சென்ட், .40 சுமார் 35. மாதம் 500 சுட்டால் வருஷத்துக்கு 6,000. 9 எம்.எம்.முக்கு 1,500 டாலர், .40க்கு 2,100. இடையில் உள்ள 600 டாலர் ஏறக்குறைய ஒரு புது கிளாக் 17 துப்பாக்கியின் விலை. அதாவது தவறான காலிபர் வாங்கியவர் வருஷத்துக்கு ஒரு துப்பாக்கியைக் கரியாக்குகிறார்.

.45 வேண்டாமா? 1905ஆம் வருஷத்துத் தோட்டா, மெதுவாகத் தள்ளும் உதைப்பு, சுடுவதற்கு இதம். ஆனால் மேகசினில் குறைவாகத்தான் அடங்கும், விலை இன்னும் ஏறும். .22? யு.எஸ்.பி.எஸ்.ஏ. கைத்துப்பாக்கிப் பிரிவுகளில் 9 எம்.எம்.முக்குக் கீழே அனுமதி இல்லை. ஆனால் அதே அமைப்பு நடத்தும் ஸ்டீல் சேலஞ்சில் .22க்குத் தனிப் பிரிவுகளே உண்டு. ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஐந்து இரும்புத் தட்டு, ஓட்டம் அநேகமாக இல்லை, .22 சுடுபவர் உறையிலிருந்து எடுப்பதும் இல்லை. துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்த நிலையிலிருந்து தொடங்கலாம். உதைப்புக்குக் கண்ணை மூடும் பழக்கம் உள்ளவர்கள், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிவர நினைப்பவர்கள் அங்கே தொடங்குங்கள். என் மகள் அங்கேதான் தொடங்கினாள். இன்றுவரை என்னைவிடக் குறைந்த நேரத்தில் முடிக்கிறாள்.

"9 எம்.எம். இரும்பைச் சாய்க்குமா?" என்ற கேள்வி வரும். போட்டி இரும்புகளை மைனர் தோட்டாவால் சுட்டுத்தான் அளவு வைக்கிறார்கள். சரியான இடத்தில் பட்டால் விழும்.

படி 6: கை சொல்வதைக் கேளுங்கள்

வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்கு ஒரு வார நாளில் போங்கள், கூட்டம் இருக்காது. மூன்று நான்கு மாடல்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் காலியென்று கொடுப்பவரும் நீங்களும் பார்த்த பிறகு, குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சவ்வு, பிடியின் உச்சியில் இருக்கும் வளைவுக்குள் இடைவெளி இல்லாமல் போய் உட்கார வேண்டும். அந்தப் பிடியை மாற்றாமல் டிரிகரில் விரல் வையுங்கள். விரல்நுனியின் சதைப்பகுதி டிரிகரின் நடுவில் விழுகிறதா? முனை மட்டும் எட்டினால் துப்பாக்கி உங்களுக்குப் பெரிது. இழுக்கும்போது குழல் ஒரு பக்கம் தள்ளும். இப்போது இடது கையைக் கொண்டுவாருங்கள். பிடியின் இடது பக்கத்தில் உள்ளங்கைக்கு இடம் மிச்சம் இருக்க வேண்டும். உதைப்பை அடக்குவதில் பாதி வேலை அந்தக் கைக்குத்தான். கடைசியாக, பிடியை முழுக்கத் தளர்த்தாமல் வலது கட்டைவிரலால் மேகசின் பொத்தானை அழுத்த முடிகிறதா பாருங்கள். என் விரல் குட்டை. கொஞ்சம் சுழற்றினால்தான் எட்டும். கொஞ்சம் சுழற்றுவது பரவாயில்லை, பிடியையே பிரித்து மறுபடி பிடிக்க வேண்டியிருந்தால் வேண்டாம்.

பிறகு ஒரு சோதனை. சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்ணை மூடி, துப்பாக்கியை இயல்பாக உயர்த்தி, கண்ணைத் திறவுங்கள். குறி எங்கே நிற்கிறது? ஐந்து முறை செய்து ஐந்து முறையும் முன்குறி ஆகாயத்தைப் பார்த்தால் அந்தப் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை. பழகினால் மாறும், மாற்றப் பல ஆயிரம் முறை உயர்த்த வேண்டும். கையோடு ஒத்துப்போவதையே வாங்கிவிட்டால் அந்த உழைப்பு மிச்சம்.

படி 7: மாடல்கள்

கிளாக் 17 அல்லது 34. 34இன் குழல் 135 மி.மீ., 17இன் குழல் 114. இரண்டும் எடை குறைவு, அதனால் உதைப்பு கைக்குத் தெரியும். டிரிகர் சுமார். ஆனால் உறை, மேகசின், உதிரிப்பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். மேகசின் விலை குறைவு. போலீஸ் துறைகள் கழித்துவிட்ட பழையவை இன்னும் மலிவு. அழகில்லை, அலுக்காமல் ஓடும். அம்பாசிடர் கார் வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சி.இஸட். ஷேடோ 2, செக் நாட்டுத் தயாரிப்பு, 2016இல் வந்தது. முழு எஃகு, சுமார் 1.3 கிலோ. அந்த எடை உதைப்பைத் தின்றுவிடும். விலை கிளாக்கைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. புரொடக்‌ஷனில் இந்த வகைத் துப்பாக்கி சுத்தியல் இறங்கிய நிலையில் தொடங்க வேண்டும். இதில் அதை இறக்கத் தனி நெம்புகோல் இல்லை. துப்பாக்கியின் அறைக்குள் நிஜத் தோட்டா இருக்க, இடது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சுத்தியலில் கவ்வி, டிரிகரை அழுத்தி, வழுக்காமல் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். வியர்த்த விரல் வழுக்கினால் வெடிக்கும், வெடித்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். செய்ய முடியாத வேலை இல்லை, ஆயிரக்கணக்கானோர் செய்கிறார்கள். ஆனால் கை நடுங்கும் முதல் போட்டியில் அதையும் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று யோசியுங்கள். அதோடு முதல் குண்டுக்கு டிரிகர் நீளமாக இழுபடும், அடுத்ததிலிருந்து குட்டையாக. குட்டை விரல்காரருக்கு அந்த முதல் இழுப்பு எட்டாது.

வால்தர் பி.டி.பி., துருக்கியின் கானிக் மாடல்கள்: பெட்டியிலிருந்து எடுத்தபடியே டிரிகர் நன்றாக இருக்கும், கண்ணாடி பொருத்த ஸ்லைடை வெட்டியே தருகிறார்கள். கானிக் விலை குறைவு. இன்றைக்கு என்னிடம் யாராவது ஒரே ஒரு பதில் கேட்டால், கண்ணாடி பொருத்த வசதியுள்ள, பிளாஸ்டிக் சட்டகம் கொண்ட, ஐந்து அங்குலம் ஒட்டிய குழல் உள்ள 9 எம்.எம். எதுவோ அது, பெயர் உங்கள் கை சொல்லும் பெயர்.

கண்ணாடியில் கஞ்சத்தனம் வேண்டாம். புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற அலகில் சொல்வார்கள். 100 கெஜத்தில் சுமார் ஓர் அங்குலம் மறைத்தால் 1 எம்.ஓ.ஏ. புதியவருக்கு 5, 6 எம்.ஓ.ஏ. கண்ணில் சட்டென்று படும். ஜன்னல் பெரிதாக இருக்கட்டும். முதல் மாதம் முழுக்கத் துப்பாக்கியை உயர்த்திவிட்டுப் புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள், அது எல்லாருக்கும் நடப்பது.

படி 8: துப்பாக்கிக்கு வெளியே போகும் பணம்

மொத்தப் பணத்தையும் துப்பாக்கியில் போட்டுவிட்டு, இருபது டாலர் துணி உறையோடு வந்து நிற்பவர்களை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன். உறை கெட்டியானதாக, டிரிகரை முழுக்க மூடுவதாக, இடுப்புக்கு வெளியே நிற்பதாக இருக்க வேண்டும். கைடெக்ஸ் பிளாஸ்டிக்கில் உங்கள் மாடலுக்கென்றே வார்த்தது நல்லது. பெல்ட் இரண்டு அடுக்கு: உள்ளே ஒன்று பேண்ட்டில், வெளியே ஒன்று அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். சாதாரண பெல்ட்டில் உறையை மாட்டினால் துப்பாக்கியை எடுக்கும்போது பேண்ட்டும் கூடவே வரும்.

மேகசின் ஐந்து. நீளமான ஸ்டேஜ் ஒன்றில் அதிகபட்சம் 32 குண்டு தேவைப்படலாம். 15 தோட்டா மேகசினில் மூன்று போதும் என்று கணக்கு வரும், ஆனால் தவறும் குண்டுக்கும் மண்ணில் விழுந்து மணல் ஏறும் மேகசினுக்கும் யார் கணக்கு வைப்பது? 10 தோட்டா வரம்புள்ள மாநிலத்தில் ஆறு. பெல்ட்டில் மேகசின் கூடு மூன்று நான்கு. பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பு. ஷாட் டைமர் ஒன்று, அல்லது தொடக்கத்துக்குக் கைபேசிச் செயலி.

இவ்வளவுக்கும் துப்பாக்கி விலையில் பாதியாவது ஆகும். அதற்குப் பிறகும் ஆயிரம் தோட்டாவுக்குக் காசு மிச்சம் இருந்தால்தான் நீங்கள் தேர்ந்தெடுத்த துப்பாக்கி உங்களுக்குக் கட்டுப்படியாகிறது என்று அர்த்தம். இல்லையென்றால் ஒரு படி மலிவான மாடலுக்கு இறங்குங்கள்.

படி 9: வாங்கிய முதல் மாதம்

முதல் 200 தோட்டாவை வேகத்துக்குச் செலவிடாதீர்கள். துப்பாக்கி சிக்காமல் ஓடுகிறதா, எந்த மேகசின் தகராறு செய்கிறது என்று பார்ப்பதற்கு அவை. மேகசின்களுக்கு அடியில் எண் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. 15 கெஜத்தில் பொறுமையாக ஐந்தைந்தாகச் சுட்டுப் புள்ளியைச் சரிசெய்யுங்கள்.

மற்ற நாட்களில் வீட்டில் வெற்றுப் பயிற்சி. தோட்டா வேறு அறையில், அந்த அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும். துப்பாக்கியையும் மேகசினையும் இருமுறை பார்த்த பிறகு, கெட்டியான சுவரை நோக்கி எடுப்பது, புள்ளியைக் கண்டுபிடிப்பது, டிரிகரைக் குழல் அசையாமல் இழுப்பது, மேகசின் மாற்றுவது. பத்து நிமிஷம் போதும். முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டிவையுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று திரும்ப எடுப்பதில்தான் சுவரில் ஓட்டை விழுகிறது.

முதல் போட்டியில் நடுவர் "மேக் ரெடி" என்பார். அதுவரை துப்பாக்கியில் கை போகக் கூடாது. தயாரா என்பார், "ஸ்டாண்ட் பை" என்பார், டைமர் பீப் அடிக்கும். முடித்ததும் காலி செய்து காட்டச் சொல்வார். குழல் எப்போதும் முன்பக்க அரைவட்டத்துக்குள். அந்த 180 டிகிரி கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை கிடையாது, நேராக வெளியேற்றம். பக்கவாட்டில் ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும்போதுதான் புதியவர்கள் இதில் மாட்டுகிறார்கள். ஆகவே முதல் மூன்று போட்டிகளுக்கு ஓடாதீர்கள், நடங்கள். ஓடும்போதும் மேகசின் மாற்றும்போதும் விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, சட்டகத்தின்மேல். கடைசி இடம் வரும். யாரும் சிரிக்க மாட்டார்கள். வெளியேற்றப்பட்டாலும் சிரிக்க மாட்டார்கள், ஆனால் அன்று முழுக்க ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

நான்கு வகைப்பாட்டு ஸ்டேஜ்கள் சுட்டதும் உங்கள் தரத்துக்கு ஓர் எழுத்து கிடைக்கும். உச்ச ஹிட் ஃபேக்டரில் 40 சதவீதத்துக்குக் கீழே டி, 60 வரை சி, 75 வரை பி, 85 வரை ஏ, அதற்கு மேல் மாஸ்டர், 95 தாண்டினால் கிராண்ட் மாஸ்டர். எனக்கு முதலில் வந்தது டி.

என் .40 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான்காம் மாதம், எங்கள் ஸ்குவாடில் (ஒன்றாகச் சுற்றிவரும் குழுவில்) லிமிடெட் சுடும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். முறைப்படி கடை வழியாகவே கைமாற்றினோம். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, பழைய 9 எம்.எம். ஒன்றும் ஆயிரம் தோட்டாவும் வாங்கினேன். போன மாதம் அவர் சுட்டு முடித்த அட்டைக்கு நான்தான் ஒட்டுத்தாள் ஒட்டினேன். இரண்டு ஓட்டையும் சி-யில். "ரெண்டு நாலு, எட்டு" என்று கணக்கு எழுதுபவரிடம் சொன்னார் அவர், என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி.